டேட்டா இவ்வளவு மலிவான நாட்டில் எங்கள் மலையூருக்கு மட்டும் இணையம் ஏன் எட்டவில்லை?

ஜவ்வாது மலைமேல் சிறிய ஊர். தங்கை கல்லூரி விண்ணப்பம் நிரப்ப வேண்டுமானால் ரேஷன் கடைத் திண்ணைக்குப் போக வேண்டும். ஊரில் அங்கேதான் சிக்னல் நிற்கிறது. அம்மாவின் போனுக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்யக் கட்டுப்படியாகவில்லை. "உலகத்திலேயே இந்தியாவில்தான் டேட்டா மலிவு என்கிறார்கள். அந்த மலிவு எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். திருவண்ணாமலையில் பிரௌசிங் சென்டர் வைத்துத் தொடங்கினேன். பிறகு கேபிள் இழுத்தேன். இப்போது வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுத்துவருகிறேன். உங்கள் மலைக்கும் பல முறை ஏறியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்த செய்தி பொய்யில்லை. 2014-ல் ஒரு ஜிபி சராசரியாக 250 ரூபாய்க்கு மேல் விற்றது. இப்போது அரசுக் கணக்கின்படி பத்து ரூபாய்க்கும் கீழே. உலகத்தின் மிகக் குறைந்த விலைகளில் இது ஒன்று. ஆனால் ஒரு ஜிபியின் விலை என்பது கிணற்றில் கிடக்கும் தண்ணீரின் விலை மட்டும்தான். கிணறு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து, குடமும் கயிறும் கையில் இருந்தால் அது மலிவு. உங்கள் அம்மாவுக்குக் கயிறு வாங்கக் காசு போதவில்லை; உங்கள் ஊர்ப் பக்கத்தில் கிணறே இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு குறைகள். ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் யாரிடம் என்ன கேட்பது என்பதே தெரியாமல் போகிறது.

விலையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசின் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதுவரை அது சென்னை ஐ.ஐ.டி. போன்ற சில கல்வி நிலையங்களுக்குள், எர்நெட் என்ற வலையாக மட்டும் இருந்தது. வி.எஸ்.என்.எல். இணைப்பில் படங்களோடு பக்கங்களைப் பார்க்க 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். தொலைபேசி அழைப்புக்கான கட்டணம் தனி. 1998 நவம்பரில்தான் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே முதலில் களத்தில் இறங்கியது.

நான் கடை வைத்தது 2000-ல். நான்கு கணினிகள், ஒரே தொலைபேசி இணைப்பு, மணிக்கு 60 ரூபாய். பிளஸ் டூ முடிவு வரும் நாள் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பத்து மணிக்கு முடிவு என்றால் எட்டு மணிக்கே வாசல் முழுக்க சைக்கிள்கள். மோடம் கிர்ரென்று இழுத்து இணைப்பைப் பிடிக்கும்வரை கடைக்குள் பேச்சுமூச்சு இருக்காது. ஒரு வருடம் போளூர் பக்கத்திலிருந்து விவசாயி ஒருவர், மகளின் பதிவு எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் முறை வருவதற்குள் வியர்வையில் கடைசி இரண்டு எண்கள் அழிந்துவிட்டன. கையை விளக்குக்குக் கீழே நீட்டிப் பார்த்தோம், தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு சாயங்காலம் மறுபடியும் வந்தார். மகள் தேறியிருந்தாள். மதிப்பெண்ணை அச்சிட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ஆனால் இரண்டு தடவை பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் அவருக்குப் போனது போனதுதான். இணையத்தின் விலை என்று யார் பேசினாலும் எனக்கு அந்த உள்ளங்கைதான் நினைவுக்கு வருகிறது.

அதே காலத்தில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து, என்-லோக் என்ற நிறுவனம் ஊர்களில் இணைய மையங்களை அமைத்தது. வேகம் 35 அல்லது 70 கிலோபிட்தான். ஆனால் அந்த வேகத்திலேயே கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்க முடிந்தது. மையத்தை நடத்தியது அதே ஊரைச் சேர்ந்த ஒருவர். பொருளாதாரம் கட்டுப்படியாகாமல் அந்த முயற்சி நீடிக்கவில்லை. என்றாலும் ஒன்றை அவர்கள் சரியாகச் செய்தார்கள்: கம்பியும் பெட்டியும் எங்கே போயினவோ, அங்கே அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருந்தார். இதைப் பிறகு மறுபடி சொல்கிறேன்.

2016 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பேஸ்புக் நிறுவனம் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற பெயரில் சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் திட்டத்தோடு வந்திருந்த நேரம் அது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று டிராய் தடுத்துவிட்டது. ஏழைகளுக்குக் கிடைக்க இருந்த இலவசத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று அப்போது வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவு சரியாகவே பட்டது, இன்றும் படுகிறது. உங்கள் தங்கைக்கு வேண்டியது கல்லூரியின் தளம், உதவித்தொகைத் தளம், இன்னும் அவளே தேடிக் கண்டுபிடிக்கப்போகும் ஆயிரம் தளங்கள். வேறொருவர் பொறுக்கிக் கொடுக்கும் பத்துத் தளங்கள் அவளுக்குப் போதாது.

அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. 2017 மார்ச் வரை எல்லாம் இலவசம். பழைய 2ஜி, 3ஜி சுமை எதுவும் இல்லாமல் 4ஜிக்கென்றே கட்டிய வலை, குரல் அழைப்பும் டேட்டாவாகவே போகும் அமைப்பு, பின்னால் பெரிய எண்ணெய்த் தொழிலின் பணம். மற்ற நிறுவனங்களும் விலையை இறக்கியே ஆக வேண்டியதாயிற்று. கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உள்ளே வந்ததால் ஒரு ஜிபியின் அடக்க விலையும் இறங்கியது. அந்த விலை இறக்கத்தால் விளைந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் பிரௌசிங் சென்டர் தொழில் அதோடு முடிந்தது. ஆனால் போளூர்க்காரர் போன்றவர்கள் இரண்டு பஸ் ஏறி வர வேண்டிய தேவையும் முடிந்தது.

அந்தப் போட்டியில் தாக்குப்பிடித்தவர்கள் சிலரே. தமிழ்நாட்டில் வேர்விட்ட ஏர்செல் 2018-ன் தொடக்கத்தில் திவாலானது. அந்தப் பிப்ரவரியில் சிக்னல் அற்றுப்போய், எண்ணை மாற்றிக்கொள்ள மக்கள் கடை கடையாக நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வருவாய்க் கணக்குத் தொடர்பான வழக்கில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் எஞ்சியிருந்த நிறுவனங்களின் தலையில் பெரும் பாக்கி விழுந்தது. இப்போது ஜியோவும் ஏர்டெல்லும் சேர்ந்து முக்கால் பங்குக்கு நெருக்கமான வாடிக்கையாளர்களை வைத்திருக்கின்றன. வோடஃபோன் ஐடியாவும் பி.எஸ்.என்.எல்.லும் மிச்சத்தை. போட்டி நிறுவனங்கள் குறைந்ததும் 2019 டிசம்பர், 2021 இறுதி, 2024 ஜூலை என்று விலை படிப்படியாக ஏறியது.

ஏறியது எந்த விலை என்று கவனியுங்கள். ஜிபியின் விலை குறைவாகவே இருக்கிறது. உள்ளே நுழைவதற்கான விலைதான் ஏறியிருக்கிறது. ஒரு காலத்தில் 10 ரூபாய் டாப்-அப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அழைப்புகளை வாங்கிக்கொண்டிருக்கலாம். 2018-ன் கடைசியில், சிம் உயிரோடிருக்க 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் என்றார்கள். 2024 ஜூலைக்குப் பிறகு அந்த இடத்தில் 190, 200 ரூபாய்த் திட்டங்கள் நிற்கின்றன. அதில் கிடைப்பது 28 நாளுக்கும் சேர்த்து 2 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி வேண்டுமானால் 299 ரூபாய். மலிவு டேட்டா மூட்டையாக வாங்குகிறவருக்குத்தான்; படி அளவில் வாங்குகிறவருக்கு இல்லை.

அந்த 28 நாள் கணக்கையும் பாருங்கள். மாதச் சம்பளக்காரர் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று நினைக்கிறார். ரீசார்ஜ் செய்கிறவருக்கு ஆண்டுக்குப் பதின்மூன்று. 299-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 3,887 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ல் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக் கூலியும் கைக்கு வந்தால் 33,600. அதில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஒரு சிம்முக்குப் போகிறது. இதற்கு முன்னால் போன் வாங்க வேண்டும். ஓரளவு உருப்படியான ஸ்மார்ட்போன் 7,000 ரூபாய் என்றால் அது இருபத்தொரு நாள் கூலி. கீழே விழுந்து திரை உடைந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

ஐக்கிய நாடுகளின் பிராட்பேண்ட் ஆணையம் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது: அடிப்படை இணையத்தின் மாதக் கட்டணம் அந்த நாட்டின் தலைக்குரிய சராசரி மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மொபைல் டேட்டாவில் இந்தியா அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அது சராசரியை வைத்துப் போட்ட கணக்கு. பெங்களூரு மென்பொருள் ஊழியரையும் உங்கள் அம்மாவையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் வருமானம் உங்கள் வீட்டுக்கு வருவதில்லையே.

அம்மாவுக்கு உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டேட்டா வேண்டாதவர்களுக்குக் குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் கட்டளையிட்டது. அதன்படி 84 நாளுக்கு 450, 470 ரூபாய் அளவில் திட்டங்கள் வந்தன. நாளுக்கு ஐந்தரை ரூபாய். 299 திட்டத்தில் பாதி. கடைக்காரர் தானாக இதைச் சொல்லமாட்டார், செயலியில் முதல் பக்கத்திலும் இருக்காது. 'வாய்ஸ் ஒன்லி' என்று கேட்டு வாங்குங்கள். வங்கிச் செய்திகளும் ஓ.டி.பி.யும் வரும், சிம் உயிரோடிருக்கும். வீட்டில் டேட்டா ஒரு போனில் மட்டும் இருந்தால் போதும்.

அந்த ஒரு போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஆண்களில் பாதிக்கு மேல். மலையூர்களில் நான் பார்ப்பதும் அதுவே. அப்பாவோ அண்ணனோ போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலையில் கீழே இறங்கிவிட்டால், வீட்டுக்கு இணையம் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பி வருகிறது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளென்றால் தங்கையிடம் போனை விட்டுவிட்டுப் போங்கள். இதை உரிமையோடு சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

இனி கிணறே இல்லாத குறைக்கு, அதாவது சிக்னல் இல்லாத குறைக்கு வருகிறேன்.

அடுத்த முறை ரேஷன் கடைத் திண்ணைக்குப் போகும்போது, எந்தப் பக்கம் திரும்பினால் சிக்னல் கூடுகிறது என்று பாருங்கள். அந்தத் திசையில் மலைமடிப்பில் ஒரு இடைவெளி இருக்கக்கூடும். அதன் வழியாக அடிவாரத்தில் உள்ள ஏதோ ஒரு கோபுரத்தின் அலை உங்கள் திண்ணையைத் தொடுகிறது. மொபைல் அலை மலையைத் துளைத்துப் போகாது. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள் கொஞ்சம் தூரம் போகும், ஓரளவு வளைந்தும் கொடுக்கும். 2300 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கண்டாலே தளர்ந்துவிடும். 5ஜிக்குப் பெரும்பாலும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டை இன்னும் மோசம். அதனால், நகரத்தில் 5ஜி வந்துவிட்டது என்ற செய்தியால் உங்கள் ஊருக்கு ஒரு பயனும் இல்லை. உங்களுக்கு வேண்டியது மலைமேலேயே, குறைந்த அலைவரிசையில், ஒரு கோபுரம்.

கோபுரம் நட்டால் முடிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. உங்கள் போனிலிருந்து கோபுரம்வரை காற்றில் வரும் டேட்டா, அங்கிருந்து நாட்டின் பெரிய வலைக்குப் போக ஒரு வழி வேண்டும். ஃபைபர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தட்டு வைத்து அடுத்த கோபுரத்துக்கு மைக்ரோவேவில் அனுப்புவார்கள். அந்தத் தட்டின் கொள்ளளவை எல்லாரும் பங்கு போட வேண்டும். நான்கு கட்டம் சிக்னல் காட்டியும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்தியாவின் மொபைல் கோபுரங்களில் ஃபைபர் தொட்டவை பாதிக்கும் குறைவு.

நிறுவனத்தின் கணக்கையும் அவர்கள் இடத்தில் நின்று போட்டுப் பார்ப்போம். உங்கள் ஊரில் 80 வீடு, வீட்டுக்கு ஒரு போன், மாதம் 200 ரூபாய் என்றால் மொத்த வசூல் 16,000. கோபுரத்துக்கு மின்சாரம், மின்சாரம் போனால் டீசல், அந்த டீசலை மலைமேல் ஏற்றும் வண்டி, பழுது பார்க்க வரும் ஆள், இவற்றுக்கே அது போதாது. கோபுரம் கட்டிய முதலை எப்போது எடுப்பது? சந்தையின் கணக்குப்படி உங்கள் ஊருக்கு இணையம் எந்தக் காலத்திலும் வராது. இதை ஒளிக்காமல் சொல்வதே நேர்மை.

அப்படியானால் யார் கொடுப்பது? அதற்கான பணம் ஏற்கெனவே இருக்கிறது. 2002 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை, லாபம் வராத ஊர்களுக்குத் தொடர்பு கொடுப்பதற்கென்றே ஒரு நிதிக்குச் செலுத்துகின்றன. முன்பு உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி என்று பெயர். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் பாரத் நிதி. உங்கள் அம்மா போட்ட ஒவ்வொரு ரீசார்ஜிலும் அதற்குரிய காசு போயிருக்கிறது. ஆகவே மனு கொடுக்கப் போகும்போது சலுகை கேட்கப் போவதாக நினைக்க வேண்டாம். கட்டிய பணத்துக்குரிய சேவையைக் கேட்கப் போகிறீர்கள்.

அந்த நிதியால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தமான் சாட்சி. அதன் தலைநகரான போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) நம் தமிழர்கள் ஏராளம். எனக்கும் அங்கே உறவுகள் உண்டு. 2020-க்கு முன்பு அங்கே இணையம் முழுக்க செயற்கைக்கோளை நம்பியிருந்தது. திருமணப் புகைப்படம் ஒன்று அனுப்பினால் மறுநாள்தான் "கிடைத்தது" என்று பதில் வரும். 2011 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம். அவ்வளவு சிறிய சந்தைக்காகக் கடலுக்கடியில் கேபிள் போட எந்தத் தனியார் நிறுவனமும் வராது. அரசுதான் இந்த நிதியிலிருந்து சுமார் 1,224 கோடி ரூபாய் செலவழித்து, சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டது. 2018 டிசம்பரில் அடிக்கல், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடக்கம். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. தலைக்கு 32,000 ரூபாய் என்று கணக்கு வருகிறது. அந்தப் பணம் வீண் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். சென்னை கடற்கரையிலிருந்து கிரேட் நிக்கோபாருக்குக் கேபிள் போட முடிந்த நாட்டில், போளூரிலிருந்து உங்கள் மலைக்கு முடியாதா?

முடியும், ஓரளவு வந்தும் இருக்கிறது. 2011-ல் நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. பிறகு அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்கு அதைச் செய்கிறது. நாடு முழுவதும் இரண்டு லட்சம் ஊராட்சிகளுக்கு மேல் ஃபைபர் சேர்ந்துவிட்டது என்பது அரசின் கணக்கு. ஆனால் 'ஊராட்சிக்கு வந்துவிட்டது' என்றால் ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் ஒரு பெட்டி வந்துவிட்டது என்று பொருள். மலை ஊராட்சியில் அந்த அலுவலகத்துக்கும் கடைசிக் குக்கிராமத்துக்கும் இடையே பல கிலோமீட்டர் இருக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று வேண்டாம். கடைசி அறையைத் திறந்து காட்டினார்கள். நாற்காலிகள், கொசு மருந்து இயந்திரம், பழைய வாக்குப்பெட்டி, அவற்றுக்குப் பின்னால் சுவரில் பெட்டி. விளக்கு எதுவும் எரியவில்லை. யு.பி.எஸ். மின்கலம் உப்பி வெடித்திருந்தது. மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்ததும் பெட்டி உயிர்பெற்றது, ஆனால் சிவப்பு விளக்கு. ஒளி வரவில்லை என்று பொருள். மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே போனால், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, சாலை அகலப்படுத்திய இடத்தில் பொக்லைன் கேபிளை அறுத்திருக்கிறது. அறுந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. தலைமுடியளவு கண்ணாடி இழையை இரண்டு பக்கமும் சீவி, துடைத்து, ஸ்பிளைசிங் இயந்திரத்தில் வைத்து ஒட்டினால் ஒரு இழைக்குச் சில நிமிட வேலை. ஒட்டும் அதிகாரம் எனக்கு இல்லை. அதிகாரம் உள்ளவருக்கு அங்கே அறுந்திருப்பதே தெரியாது. இந்தப் பதினொரு மாதமும் பட்டியலில் அந்த ஊர் 'இணைக்கப்பட்ட ஊராட்சி' என்றே இருந்திருக்கும்.

மேலூர் இணைய மையங்களைப் பற்றிச் சொன்னேனே, அது இதற்காகத்தான். அங்கே பெட்டி நின்றுபோனால் ஒருவருக்கு அன்றைய வருமானம் நின்றுபோகும், அதனால் அவர் ஓடுவார். இங்கே பெட்டி நின்றுபோனால் யாருக்கும் எதுவும் நிற்காது. 2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாயில் ஒப்புதலான திருத்திய பாரத்நெட் திட்டம் இந்தக் குறையை ஒப்புக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக ஒளி வரும்படி வளைய அமைப்பு, போட்டவரே பத்து ஆண்டு பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை, கிராம வீடுகளுக்கு ஒன்றரை கோடி இணைப்புகள் என்ற இலக்கு. அதில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது பராமரிப்பு நிபந்தனைதான்.

கோபுரத்துக்கும் தனித் திட்டம் உண்டு. சிக்னலே இல்லாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், வேலை பி.எஸ்.என்.எல்.லுக்கு. உள்நாட்டுக் கருவிகளால் அந்த நிறுவனம் கட்டிய 4ஜி வலை 2025 செப்டம்பரில்தான் முறையாகத் தொடங்கியது. தனியார் 4ஜி வந்து பத்தாண்டுக்கும் மேல் கழித்து. அந்தத் தாமதத்தின் வலி முழுவதும் உங்கள் ஊர் போன்ற ஊர்களின்மேல்தான் விழுந்தது.

இதற்கிடையே அரசே இணையத்தைக் கட்டாயமாக்கிக்கொண்டு போகிறது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத்தளங்களில் வருகைப் பதிவைச் செயலியில், நாளுக்கு இரண்டு முறை படமெடுத்து ஏற்ற வேண்டும் என்றானது. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரத்துக்கும் சிக்னல் வேண்டும். மண்வெட்டி பிடித்த கூலி சிக்னல் இல்லாததால் பதிவாகாமல் போவதை மலையில் நேரில் பார்த்திருக்கிறேன். இணையம் வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் இப்போது யாரும் இல்லை. வருகைப் பதிவுக்கு இணையத்தைக் கட்டாயமாக்கியவர்கள் முதலில் அந்த இணையத்தைக் கொடுத்திருக்க வேண்டும். இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்? முதலில், நிறுவனங்கள் தங்கள் தளங்களில் வெளியிட்டிருக்கும் கவரேஜ் வரைபடத்தைப் பாருங்கள். டிராய் விதிப்படி 2025-லிருந்து அதைக் காட்டியாக வேண்டும். உங்கள் ஊரின்மேல் வண்ணம் பூசியிருந்து, நேரில் சிக்னல் இல்லையென்றால், அந்தப் படத்தையே புகாராக வையுங்கள். சிக்னல் இருப்பதாகக் காட்டும் ஊர் 'இல்லாத ஊர்கள்' பட்டியலில் சேராமல் போகும் ஆபத்து இருக்கிறது. அடுத்த கிராமசபையில் தீர்மானம் போடுங்கள்: எத்தனை வீடு, எத்தனை மாணவர்கள், எங்கே சிக்னல் நிற்கிறது, ஊராட்சிப் பெட்டி வேலை செய்கிறதா என்பதெல்லாம் அதில் எண்ணிக்கையோடு வரட்டும். "எங்கள் ஊருக்கு இணைய வசதி வேண்டும்" என்ற ஒற்றை வரித் தீர்மானம் கோப்புக்குள் போய்விடும்.

கோபுரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊராட்சிப் பெட்டி உயிரோடிருந்தால் அங்கிருந்து ஒரே ஒரு இணைப்பை உங்கள் ஊரின் பொது இடத்துக்கு இழுத்து, வைஃபையாகப் பகிரலாம். பி.எம்.-வாணி என்ற திட்டத்தில் டீக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம். 2020 இறுதியில் வந்த திட்டம் அது. கடைக்காரரிடம் வணிக இணைப்புக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டிருந்ததால் தழைக்காமல் கிடந்தது. 2025 ஜூனில் டிராய் அதற்கு வீட்டு இணைப்புக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. 399 ரூபாய் இணைப்புக்கு வரியோடு 471 ஆகும். அதையே இரண்டு மடங்காக வைத்தாலும் 80 வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய். யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து, மாதம் வீட்டுக்கு 50 ரூபாய் வாங்கினாலும் அவருக்கும் கூலி நிற்கும், பெட்டிக்கும் காவல் கிடைக்கும்.

செயற்கைக்கோள் இணையத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் இந்திய உரிமம் பெற்றது. தனி வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. ஃபைபர் போகவே முடியாத ஊரில், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று வைத்துப் பகிரலாம். உங்கள் ஊர் அந்த நிலையில் இல்லை. உங்களுக்கு மின்கம்பம் போயிருக்கிறது.

மின்கம்பம் இருப்பது பெரிய வசதி. காப்புக்காட்டில் பள்ளம் தோண்ட வனத்துறை அனுமதி வேண்டும். கம்பத்தின்மேல் கேபிள் கட்டுவதற்கு மண்ணைத் தொட வேண்டியதில்லை. கம்பத்தில் கட்டி இழுக்கும் மெல்லிய டிராப் கேபிள் மீட்டருக்குச் சில ரூபாய்தான். ஒளியின் பலம் மைனஸ் 27 டி.பி.எம். (அதை அளக்கும் அலகு) என்ற அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் பல கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு, ஊராட்சி அலுவலகத்திலிருந்து உங்கள் ரேஷன் கடைவரை மின்பாதையோடு நடந்து, கம்பங்களை எண்ணிக் குறித்து வையுங்கள். பள்ளத்தாக்கைத் தாண்டும் இடங்களில் இரண்டு கம்பத்துக்கு நடுவே எத்தனை காலடி என்றும் எழுதுங்கள். அலுவலகப் பெட்டியில் எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று ஒரு படம் எடுங்கள். இவை கையில் இருந்தால் எத்தனை மீட்டர் கேபிள், எத்தனை ஜாயின்ட், மொத்தம் என்ன ஆகும் என்று நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். அதைத் தீர்மானத்தோடு இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள்.